அவையறிதலும் அவையஞ்சாமையும்

பேச்சுக்கலை பயிலப் புகும் முதலாண்டு மாணவர் முதலில் வேண்டுவது அவையச்சம் நீங்குதலையே. வள்ளுவரோ அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். இவ்வொழுங்கு கருதத்தக்கது, கேட்போர் நிலையை அறியாதவரின் அஞ்சாமை வெறுந்துணிவே.

இதனைப் புத்தளக் கரையோரத்து உச்சமுனையில் வைத்து நோக்கலாம். உச்சமுனை உள்ளிட்ட கற்பிட்டித் தீவுகளைச் சுற்றுலாத் தலமாக்கும் திட்டம் வகுக்கப்பட்டபோது, மீனவர் முன்னின்ற வினா, வள்ளம் ஏற்றும் கரை தமக்கு எஞ்சுமா என்பதாகும். கூட்டமொன்றில் அத்தகைய வினா தடுமாறிய சொற்களில் எழலாம். பயின்ற நா அதனை எளிதில் மறைத்துவிடலாம். அது நாவன்மையின் வெற்றியாயினும் அறத்தின் தோல்வியாகும்.

ஆதலின், பிறர் தடுமாற்றத்தினூடே உண்மையைக் கேட்டறியும் பொறுமையே பேச்சுப் பயிற்சியின் முதற்பாடமாதல் வேண்டும். மேடையேறுதல் அதன் பின்னரே தகும்.