பதினாறு கோடுகள்

கதை எழுதுகிறவனுக்கு மரணத்தை எளிதாக்கிக் கொடுக்கத் தெரியும். ஒரு பாத்திரம் சாக வேண்டுமென்றால், இரவு நன்றாகச் சாப்பிடவிட்டுத் தூங்க வைப்பான். விடியற்காலையில் வீட்டார் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். வாசகர் கண்ணில் ஒரு துளி நீர் வரும். அவருடைய தூக்கம் கெடாது. நானே நாலைந்து பேரை இப்படி அனுப்பி வைத்திருக்கிறேன். கதையில் இது குற்றமில்லை. உண்மையாகவே செத்துப்போன ஒருவனுக்கு இதைச் செய்யலாமா என்பதுதான் கேள்வி.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி ஆகவில்லை. ஹவாய்த் தீவுகளில் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் திடீரென்று பாய்ந்தன. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அமெரிக்கத் தரப்பில் 2,403 பேர் மாண்டார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், 1,177 பேர், ‘அரிஸோனா’ என்ற ஒரே கப்பலைச் சேர்ந்தவர்கள். மூழ்கிய அந்தக் கப்பலுக்கு மேலே 1962-இல் நினைவு மண்டபம் திறந்தார்கள். சுவர் நிறையப் பெயர்கள். உள்ளேயிருந்து இன்னமும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்து நீரின்மேல் படர்கிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கப்பல் அல்ல. அதற்கு அருகே நின்ற ‘வெஸ்ட் வர்ஜீனியா.’ டார்பிடோக்கள் பாய்ந்து அது துறைமுகத்தின் அடித்தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. அமளி அடங்கிய பிறகு, கரையில் காவல் நின்றவர்கள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ இரும்பைத் தட்டுகிறார்கள்! கவிழ்ந்து கிடந்த ‘ஒக்லஹோமா’வின் அடித்தகட்டை அறுத்து 32 பேரை உயிரோடு எடுத்தார்கள். இங்கே அது முடியவில்லை. அறை தண்ணீருக்கு அடியில் இருந்தது. துளை போட்டால் வெள்ளம் உள்ளே பாயும். நெருப்பை வைத்து வெட்டினால் எண்ணெய் பற்றிக்கொள்ளும். தட்டும் சத்தம் இரவும் பகலும் கேட்டது. அது கேட்கும் இடத்தில் காவல் நிற்க ஒருவருக்கும் மனம் வரவில்லையாம். பிறகு ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டது.

1942-ஆம் ஆண்டின் நடுவில் கப்பலைத் தூக்கி நிறுத்தினார்கள். ஓர் அறையில் மூன்று பேர். மூவரும் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். குடிதண்ணீர் இருந்திருக்கிறது; கொஞ்சம் உணவும் இருந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு நாட்காட்டி. அதில் பதினாறு நாட்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டிருந்தன. கடைசி அடையாளம் டிசம்பர் 23.

வீட்டாருக்கு இது சொல்லப்படவில்லை. எல்லோரையும் போல அவர்களும் டிசம்பர் 7 அன்றே இறந்ததாகத்தான் அரசாங்கக் கணக்கு. உண்மை வெளியே பரவப் பல ஆண்டுகள் ஆயின.

அப்படிச் செய்த அதிகாரிகளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெற்றவளிடம் போய், ‘அம்மா, உன் மகன் பதினாறு நாள் தட்டிக்கொண்டிருந்தான், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்’ என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். இதை ஊகமாகச் சொல்லவில்லை. சொல்லியும் இருக்கிறேன்.

என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து இறந்தார். மூச்சு ஒவ்வொன்றும் ஒரு போராட்டம். அவருடைய தமக்கை, என் அத்தை, நடக்க முடியாமல் ஊரிலேயே இருந்தாள். காரியங்களுக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ரொம்பச் சிரமப்பட்டானாடா?”

“இல்லே அத்தே. தூக்கத்திலேயே போயிட்டார்.”

அவள் முகம் தெளிந்தது. நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். சற்றுப் பொறுத்து இன்னொன்று கேட்டாள்: “கடைசியிலே ஏதாவது சொன்னானா?”

சொன்னார். ஒன்பதாம் நாள் இரவு, சுய நினைவோடு, “அக்கா வந்தாச்சா?” என்று கேட்டார். விடியும் வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தூக்கத்தில் போனவன் எப்படி அதைக் கேட்டிருக்க முடியும்? என் பொய் என் வாயை அடைத்துவிட்டது. “ஒண்ணும் சொல்லலே அத்தே” என்றேன். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னிடமே கிடக்கிறது.

அந்த நாட்காட்டியைப் பற்றிப் படித்தபோது, நான் செய்தது இன்னதென்று எனக்கு விளங்கிற்று. துன்பத்தை மறைக்கப் போய், துன்பத்துக்கு நடுவே ஒரு மனிதன் எப்படி இருந்தான் என்பதையும் சேர்த்து மறைத்துவிட்டேன். அந்த மூன்று பிள்ளைகளும் இருட்டில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் இருப்பவர்களைப் போலவே நாளைக் கணக்கு வைத்தார்கள். பதினாறு முறை, ‘இன்னும் இருக்கிறோம்’ என்று எழுதி வைத்தார்கள். டிசம்பர் 7 என்று ஒரு தேதியைப் போட்டதும் அந்தப் பதினாறு நாளும் அவர்கள் வாழாத நாட்களாகிவிட்டன. எதற்காக அவர்களை நாம் வணங்க வேண்டுமோ, அதுவே கணக்கிலிருந்து போய்விட்டது.

சாவு வீட்டில் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்கிறவருக்குத் தாங்கும் சக்தி வரும் வரை பேசாமல் இருக்கலாம். பேசாமலிருந்தவன் பின்னொரு நாள் வாய் திறக்க முடியும். பொய் சொன்னவனுக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது. இறந்தவன் கடைசியாகச் சம்பாதித்தது அவனுடைய கடைசி நாட்கள். அது அவன் சொத்து. நம் மன நிம்மதிக்காக அதை விற்க நமக்கு என்ன பாத்தியதை?

வீரர்களுக்கு மண்டபம் கட்டட்டும், மலர் தூவட்டும். அதோடு, அவர்கள் இருந்த நாட்களை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கட்டும்.

என் தகப்பனார் தூக்கத்தில் போகவில்லை. பதினோரு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் அக்காவைத் தேடினார்.