வென்றபின் வரும் கடமை

குற்றம் புரிந்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின் அத்தண்டனை எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. தோற்றவனை அடக்கியதோடு நீதி நிறைவுறுகிறதா? அன்றி, அவனை மீண்டும் ஊராருள் ஒருவனாக ஏற்பதும் நீதியின்பாற் பட்டதா? அமெரிக்க விடுதலைப் போரில் தளபதியாயிருந்து, பின்னர் அரசுப் பொறுப்புகளை ஏற்ற பெஞ்சமின் லிங்கனின் வாழ்க்கை இவ்வினாவிற்கு ஒளி தருகிறது. ஆபிரகாம் லிங்கன் வேறு. இவர் அவருக்கு முந்திய காலத்தவர்.

மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள ஹிங்காம் என்னும் ஊரில் 1733ஆம் ஆண்டு பிறந்த இவர், நிலமுடைய உழவர். 1777இல் சரடோகாப் போரில் காலில் குண்டுபட்டதால் வாழ்நாள் முழுதும் சாய்ந்தே நடந்தார். 1780 மே 12இல் சார்ல்ஸ்டன் நகரில், ஏறத்தாழ 5,000 வீரருடன் ஆங்கிலேயரிடம் சரணடைய நேர்ந்தது. கொடியை விரித்து வெளியேறும் மதிப்புக்கூட அவருக்கு மறுக்கப்பட்டது. 1781 அக்டோபர் 19இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை பணிந்தபோது, அச்சரணை முன்னின்று ஏற்கும் பொறுப்பை வாஷிங்டன் இவரிடமே ஒப்படைத்தார். தோல்வியின் கைப்பையும் வெற்றியின் இனிப்பையும் ஏறத்தாழப் பதினேழு மாத இடைவெளியில் கண்டவர் இவர். பின்னர் 1783 வரை போர்த்துறைச் செயலாளராகப் பணியாற்றினார்.

எனினும் அவரை உரைத்துப் பார்த்த கல் போர்க்களம் அன்று. வரிச்சுமையாலும் கடனாலும் நிலமிழந்து, சிறைப்பட்ட மாசசூசெட்ஸ் உழவர்கள் 1786இல் கிளர்ந்தெழுந்து நீதிமன்றங்களை மறித்தனர். அவர்களுள் பலர் விடுதலைப் போரில் ஈடுபட்டவர்கள். தலைவர் டேனியல் ஷேஸும் அப்போரில் படைத்தலைவரே. அவர்களை அடக்கும் பணி லிங்கனுக்கு வந்தது. அரசின் கருவூலம் வறண்டிருந்ததால் பாஸ்டன் வணிகர் பொருளுதவினர். 1787 பிப்ரவரித் தொடக்கத்தில், பனிப்புயல் வீசிய இரவில் படையை நடத்திச் சென்று, விடியலில் பீட்டர்ஷாம் ஊரில் கிளர்ச்சியாளரை எதிர்பாராது சூழ்ந்தார். ஏறத்தாழ 150 பேர் பிடிபட்டனர், ஏனையோர் சிதறினர்.

வெற்றி கைக்கு வந்தபின் எழுந்ததே உண்மையான சோதனை. கிளர்ச்சியில் கலந்தவர்கள் மூன்றாண்டுகள் வாக்களித்தலாகாது, பதவி ஏற்றலாகாது, பள்ளி ஆசிரியராக இருத்தலும் ஆகாது என்று பிப்ரவரி 16இல் சட்டமன்றம் விதித்தது. அவர்களை வென்ற லிங்கனே இதனைக் கடுமை மிக்கது என்று கருதி வாஷிங்டனுக்கு எழுதினார். ஊர் ஊராக மக்கள் உரிமையிழப்பர். சட்டமன்றத்தில் தமக்கெனப் பேச ஆளில்லாதவர் அரசைத் தமதென்று எண்ணார் என்பது அவர் கருத்து. மன்னிப்பு வழங்க அமைக்கப்பட்ட மூவர் குழுவிலும் அவர் இடம்பெற்றார். அக்குழு 790 பேரை மன்னித்தது.

மன்னிப்பு குற்றத்தை வளர்க்காதா என்று சிலர் வினவலாம். லிங்கன் குற்றத்தைக் கண்டும் காணாதிருந்தவர் அல்லர். முதலில் படைக்கலத்தைப் பறித்தார். பின்னரே மனிதனைப் பற்றி எண்ணினார். செயலைத் தடுப்பது வேறு; செய்தவனை ஒதுக்குவது வேறு. வகுப்பில் தவறிழைத்த மாணவனை வெளியே நிறுத்தலாம். ஆனால் மணியடித்ததும் உள்ளே அழைக்கவேண்டும். அழைக்க மறந்தால் அன்றைய பாடத்தோடு ஆசிரியர்மேல் அவன் வைத்த நம்பிக்கையும் போய்விடும். பேசும் உரிமையை இழந்தவனுக்கு எஞ்சுவது மீண்டும் ஆயுதமே.

இதன் குறையையும் கூறுதல் வேண்டும். லிங்கன் காத்த அரசே உழவரின் துயருக்குக் காரணமாயிருந்தது. மன்னிப்பு மட்டும் அத்துயரைத் தீர்க்கவில்லை. 1787 தேர்தலில் ஆளுநர் தோற்றுப் புதிய சட்டமன்றம் அமைந்த பின்னரே வரிச்சுமை குறைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கிளர்ச்சியாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர் என்பதும் மறைத்தற்குரியதன்று. 1788இல் ஷேஸுக்கும் மன்னிப்புக் கிட்டியது.

லிங்கன் 1789 முதல் 1809 வரை பாஸ்டன் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாயிருந்து, 1810இல் மறைந்தார். குடும்பத்திலும் ஊரிலும் பூசல்கள் எழுவது இயல்பே. அவற்றில் வெல்வது எவர்க்கும் ஒருநாள் வாய்க்கலாம். வென்ற மறுநாள் தோற்றவர்க்கு நம் திண்ணையில் இடமுண்டா என்பதே நம் அறத்தை அளக்கும் அளவுகோல்.