நாம் போடும் கையெழுத்து



சென்ற முறை உங்கள் ஊரில் கிராமசபை கூடியபோது நீங்கள் போயிருந்தீர்களா? போயிருந்தால், கோடு போட்ட நீண்ட நோட்டு ஒன்று வரிசையாகக் கைமாறி உங்கள் மடிக்கு வந்திருக்கும். முன்னால் இருந்தவர் பெயருக்குக் கீழே நீங்களும் ஒரு கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளியிருப்பீர்கள். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி, மத்தியானச் சாப்பாட்டோடு அதை மறந்தும் இருப்பீர்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன்.

அந்தக் கையெழுத்து எதற்கு என்று யாராவது கேட்டால், "வந்ததற்கு அடையாளம்" என்போம். அவ்வளவுதானா? இதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன். அரசியல் பேசப்போகிறேன் என்று எந்தக் கட்சிக்காரரும் அஞ்ச வேண்டாம். நான் பேசப்போவது மனச்சாட்சியைப் பற்றி.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். 1994ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபையின் அங்கத்தினர். நம்மை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருடத்துக்கு நான்கு நாள் சபை கூடிவந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களையும் சேர்த்து ஆறாக அறிவித்தார்கள். ஜனத்தொகை 500க்கு உட்பட்ட ஊராட்சியில் 50 பேர், 3,000 வரையில் 100 பேர், 10,000 வரையில் 200 பேர், அதற்கு மேற்பட்டால் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே படிக்க வேண்டும். குடிதண்ணீர், தெருவிளக்கு, துப்புரவு, சாலை இவற்றின் நிலையைச் சொல்ல வேண்டும். ஜனங்கள் கேட்டு, ஒப்புக்கொண்டதைத் தீர்மானமாக எழுத வேண்டும். தலைவர்கள் வருவார்கள், போவார்கள். 2016 முதல் 2019 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இல்லாமல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்திய காலமும் உண்டு. அப்போதும் கிராமசபை கலைந்துவிடவில்லை. ஏனெனில் அது நாம்தான்.

தீர்மானம் எழுதத்தான் செய்கிறார்கள். "வரவு செலவு படிக்கப்பட்டு ஏற்கப்பட்டது, குடிநீர் சுகாதாரமான முறையில் வழங்கப்பட்டு வருகிறது" என்று அழகான கையெழுத்தில் நோட்டில் இருக்கும். ஆனால் நான் இருந்த கூட்டங்களில் அந்த வாசகம் எழுதப்பட்டது, நாற்காலிகளை அடுக்கி வேனில் ஏற்றிய பிற்பாடு! கையெழுத்து முந்தி, வாசகம் பிந்தி. மகள் கலியாணத்துக்குக் கடன் வாங்கப் போகிற இடத்தில் வெற்றுப் பத்திரத்தை நீட்டினால் நாம் கையெழுத்துப் போடுவோமா? பத்துப் பேரிடம் யோசனை கேட்டிருப்போம். சொந்தப் பணத்துக்கு இருக்கிற அந்த ஜாக்கிரதை, ஊர்ப் பணம் என்றால் எங்கே போய்விடுகிறது?

நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். வாசிக்காமல் நான் போட்ட கையெழுத்துக்கு மேலே மற்றொருவர் பொய்யை எழுதிவைத்தால், அந்தப் பொய் யாருடையது?

எழுதியவருடையது என்று சொல்லிவிடலாம். "எனக்கென்ன தெரியும்?" என்றும் சொல்லலாம். தெரியாமல் செய்தது குற்றமாகாது என்பது நியாயந்தான். ஆனால் தெரியாமல் இருந்தோமா, அல்லது தெரிந்துகொள்ளாமல் இருப்பது சௌகரியமாக இருந்ததா? சட்டம் ஒரு காரியத்துக்காகவே நம்மை அங்கே கூப்பிடுகிறது. ஊராட்சி, "தண்ணீர் கொடுத்தோம், விளக்கு எரிந்தது, குப்பை எடுத்தோம்" என்கிறது. தண்ணீர் பிடித்தவர்களும் இருட்டில் நடந்தவர்களும் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. சாட்சி சொல்ல வந்தவன் எதற்குச் சாட்சி என்று பாராமலே ரேகை வைத்தால், அதற்கு நம் வழக்கில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இதை நான் பெரிய யோக்கியனாக இருந்து எழுதவில்லை. என் வீட்டுக்கும் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கும் நடுவே ஒரு வேப்பமரந்தான். தொட்டியை மாதம் இரண்டு தடவை கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியின் தூணில் எழுதவும் வேண்டும். தேதி தவறாமல் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் ஏழெட்டு மாதமாக யாரும் ஏணியில் ஏறி நான் பார்க்கவில்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் எனக்குத் தெரியாமல் அந்தத் தொட்டிமேல் ஒரு காக்கைகூட உட்கார முடியாது! இருந்தும் இரண்டு கிராமசபைகளில், "தொட்டிகள் முறைப்படி சுத்தம் செய்யப்பட்டு வருகின்றன" என்ற தீர்மானத்தின் கீழ் என் பெயர் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு "காப்பி அடிக்காதே" என்று சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் பெயர்.

ஏன் பேசாமல் இருந்தேன்? தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் என்னிடம் படித்த பையன். சம்பளம் சொற்பம். இரண்டு சின்னக் குழந்தைகள். நான் வாயைத் திறந்தால் அவன் அடுப்பில் பூனை தூங்கும். "ஏழையின் வயிற்றில் அடித்து நியாயம் பேசுவதா?" என்று என் மனம் எனக்குப் பரிந்து பேசியது. இது வெறும் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு இன்றும் முடியவில்லை. உண்மைக்குக் கொடுக்கிற கடன் ஒரு பக்கம், அயலானுக்குக் கொடுக்கிற கடன் ஒரு பக்கம். இரண்டும் மோதும்போது நம்மில் அநேகர் அயலான் பக்கம் சாய்கிறோம். அது கெட்ட குணத்தாலே அல்ல.

கடைசியில் ஒரு நாள் அவனையே கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, தேதி எழுதுகிறாயே, ஏறுகிறாயா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சார், ஏணியில் மேலே ரெண்டு படி துருப்பிடிச்சு விழுந்து போச்சு. கைப்பிடியும் ஆடுது. ஆபீஸில் சொன்னேன். பார்க்கலாம்னாங்க. பிளீச்சிங் பவுடரும் பாதிதான் வருது. கழுவலைன்னு எழுதினா, ஏன் கழுவலைன்னு என்னைத்தான் கேட்பாங்க. கழுவினேன்னு எழுதினா யாரும் ஒண்ணும் கேட்கிறதில்லை."

வாசகரே, அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தது பயம். நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பேசாமல் இருந்தேன். அவனோ உடைந்த ஏணிக்கும் பொய்த் தேதிக்கும் நடுவில் அகப்பட்டுத் தவித்துக்கொண்டிருந்தான். பதிவேட்டில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று இருக்கிற வரையில் அந்த ஏணியை யார் பழுது பார்ப்பார்கள்? கணக்குப்படி ஒருவன் மாதம் இரண்டு முறை அதில் ஏறி இறங்கிக்கொண்டல்லவா இருக்கிறான்! மேலதிகாரி வந்து "ஏறிக் காட்டு" என்று சொல்லியிருந்தால், பையன் ஏறியிருப்பான், விழுந்தும் இருப்பான்.

குற்றம் யாருடையது என்று மட்டும் கேட்கிற மேற்பார்வைக்கு நல்ல செய்திகள்தான் வந்து சேரும். இது ஊராட்சிக்கு மாத்திரம் உள்ள நோய் அல்ல. பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷன் நாளில் நாங்கள் போட்ட வேஷங்களைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது.

கணக்குக் கேட்பது இக்காலத்தார் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்கிறவர்கள் உத்திரமேரூருக்குப் போய் வரலாம். கி.பி. 919, 921ஆம் வருடங்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அங்கே கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று வைத்து, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் ஆட்களை எடுத்தார்கள். வருடம் முடிந்தால் பதவியும் முடிந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது! (அது பிராமணர்களின் சபை, அதிலும் குறிப்பிட்ட அளவு நிலமும் கல்வியும் உள்ளவருக்குத்தான் இடம். உழுதவனுக்கும் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. நம் கிராமசபையை அதற்குக் குறைந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம்.)

ஆனால் கணக்குக் காட்டுவது வேறு. அது மெய்யான கணக்கா என்று அறிவது வேறு. இரண்டாவதற்கு வழி காட்டியவர்கள் ராஜஸ்தானத்துக் கூலிக்காரர்கள். பஞ்ச நிவாரண வேலைக்குச் சரியான கூலி கேட்டுச் சலித்துப்போன அவர்கள், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற சங்கமாகச் சேர்ந்து, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஜனங்களைக் கூட்டினார்கள். ஊராட்சியின் கூலிப் பட்டியலைச் சப்தமாக வாசித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. வேலைக்கே போகாதவர்கள் தாங்கள் கூலி வாங்கியதாக எழுதியிருப்பதைக் காதால் கேட்டார்கள். பட்டியல் அலமாரியில் இருந்தவரையில் அது அத்தாட்சி. அதில் பெயர் உள்ளவர்கள் முன்னே வாசித்தபோது சாயம் வெளுத்துப்போயிற்று. அந்தக் கூலிக்காரர்கள் எழுப்பிய கோரிக்கை வளர்ந்துதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி பிறந்தது. அதே வருடம் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலைகளைக் கண்காணிக்கும் பொறுப்பையும் சமூகத் தணிக்கையையும் கிராமசபையிடமே கொடுத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது அத்தணிக்கை நடக்க வேண்டும் என்று 2011இல் விதியும் செய்தார்கள்.

வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். "குடிநீர் சுகாதாரமாக வழங்கப்பட்டு வருகிறது" என்ற வரியை மூடின நோட்டில் எழுதிவைப்பது எளிது. அன்று காலையில் அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவிட்டு வந்த நாற்பது பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது அவ்வளவு எளிதல்ல. வாசிக்கிறவருக்கும் தொண்டை கொஞ்சம் அடைக்கும். ஆகையால்தான் "எழுதி, வாசித்து, பிறகு கையெழுத்து" என்ற வரிசை முக்கியம் என்கிறேன். வரிசையைத் திருப்பிப் போட்டவன் யாரோ தெரியவில்லை. அவன் மனுஷ சுபாவத்தை நன்றாக அறிந்தவன்.

எங்கள் ஊரில் அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். பையனை நான் முந்திக்கொண்டு காட்டிக்கொடுக்கவில்லை. "நீயே சபையில் சொல், நான் உன் பக்கத்தில் நிற்கிறேன்" என்றேன். அவனுக்குத் தைரியம் வரப் பத்து நாள் பிடித்தது. இதற்கிடையில் பின்தெருவில் ஒரு தாயார், தண்ணீர்ப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்றவர், தம் பெட்டியைத் தேடி எடுத்தார். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இப்பயிற்சி கொடுக்க ஏற்பாடு. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். கூட்டத்தன்று அந்தத் தாயார் தம் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கச் சொட்டு விட்டார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. யாரையும் ஒரு வார்த்தை அவர் குறை சொல்லவில்லை.

பையன் அப்போது எழுந்து ஏணியைப் பற்றிச் சொன்னான். குரல் நடுங்கிற்று. நான் சொன்னபடி பக்கத்தில் நின்றேன். இதில் எனக்கு வேறு பெருமை இல்லை. "எட்டு மாதம் பொய் எழுதினாயா?" என்று முன் வரிசையில் ஒருவர் அதட்டினார். "நாமும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறோமே" என்று பின்னாலிருந்து ஒரு பாட்டி பதில் சொன்னார். அதற்குமேல் அதட்டல் எழவில்லை. கிளார்க் நோட்டைத் திறந்து, "இதை எப்படி எழுதுவது?" என்று தலைமேசையைப் பார்த்தார். நீண்ட நேரம் பேசினார்கள். முடிவில் தொட்டி எட்டு மாதமாகக் கழுவப்படவில்லை என்றும், ஏணி பழுது என்றும், மருந்து போதவில்லை என்றும் எழுதி, வாசித்து, அதன் பிறகு நோட்டைக் கீழே அனுப்பினார்கள். கூட்டம் முடிய இரண்டு மணியாகிவிட்டது. சிலர் பசி தாங்காமல் முன்பே போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

பிளீச்சிங் பவுடர் மறு வாரம் வந்தது. படிகள் இரண்டும் ஒரு மாதத்துக்குள் வைத்துவிட்டார்கள். பையனுக்கு வேலை போகவில்லை. ஒரு மெமோ மட்டும் வந்தது, அதற்குப் பதில் எழுத நான் உதவி செய்தேன். கைப்பிடி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அடுத்த கூட்டத்தில் கேட்பதற்காகக் குறித்து வைத்திருக்கிறேன்.