யார் தூண்டிவிட்டது?

"நீங்கதானே மேடம் இன்ஸ்டிகேட் பண்ணது?"

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, கல்வராயன் மலையடிவாரத்துக் காவல் நிலையம் ஒன்றில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் அதற்கு முன்பும் பின்பும் தமிழில்தான் பேசினார். "உக்காருங்க", "எந்த ஊரு", "டீ சொல்லவா" எல்லாம் தமிழ். அந்த ஒரு வினைச்சொல் மட்டும் ஆங்கிலம். அது சட்டப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்துக்காக மலையில் பெண்களுக்கு இரவு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளிய சிற்றூர். மலையாளிப் பழங்குடிப் பெண்கள், பகலெல்லாம் மரவள்ளிக் காட்டிலும் சோளக் காட்டிலும் வேலை செய்துவிட்டு, கடுக்காய் பொறுக்கிய கையோடு வந்து உட்காருவார்கள். ஒருநாள் கூட்டல், பெருக்கல் சொல்லிக்கொடுக்க ஒரு கணக்குப் போட்டேன்: வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாராயத்துக்கு இவ்வளவு கொடுத்தால் மாதத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு? விடை வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எட்டு நாள் கழித்து, பதினோரு பெண்கள் ஓடைக்கரைக்குப் போய் மூன்று டிரம் ஊறலைக் கவிழ்த்து, டிரம்மையும் அடித்து நெளித்துவிட்டு வந்தார்கள். ஊறல்காரர் ஊறலைப் பற்றிப் புகார் கொடுக்க முடியுமா? தன் நிலத்தில் அத்துமீறி நுழைந்தார்கள், தன்னை அடித்தார்கள் என்று கொடுத்தார். அதில்தான் நான் வரவழைக்கப்பட்டேன்.

"இல்லைங்க சார். நான் ஒண்ணும் சொல்லல. அவங்களா செஞ்சது" என்றேன். கை நடுங்கியது நினைவிருக்கிறது.

வழக்கு பதியப்படவில்லை. பேசி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவில் நிறுவனத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பெண்களை "மோட்டிவேட்" செய்து, "மொபிலைஸ்" செய்து, சாராயத்துக்கு எதிராகக் களமிறக்கியதாக எழுதினேன். பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரே செயலை நான் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறேன். தண்டனை வரும் இடத்தில் அது அவர்களுடையது. பாராட்டு வரும் இடத்தில் அது என்னுடையது. இரண்டு இடத்திலும் வினைச்சொல் ஆங்கிலம். இரண்டு வாக்கியத்திலும் அந்தப் பதினோரு பெண்கள் எழுவாயாக இல்லை, செயப்படுபொருளாகத்தான் இருக்கிறார்கள்.

இந்தச் சொல்லை அன்றிலிருந்து விடாமல் பார்த்துவருகிறேன்.

1860இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, ஒரு குற்றத்துக்கு உடந்தையாவதற்கு மூன்று வழிகளைச் சொன்னது: தூண்டுவது, கூட்டுச் சதி செய்வது, தெரிந்தே உதவுவது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. எண் 45 ஆகிவிட்டது, மூன்று வழிகள் அப்படியே இருக்கின்றன. முதல் வழிக்கான ஆங்கில வினைதான் 'இன்ஸ்டிகேட்'. அதன் லத்தீன் வேர் கூர்மையான ஒன்றால் குத்துவதைக் குறிக்கும். நம் ஊரில் மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சிதான். குத்துகிறவர் ஒருவர், நகர்வது மாடு. மாட்டுக்கு அந்தப் பக்கம் போக விருப்பமா என்ற கேள்வி அந்த வேருக்குள் இல்லை.

தமிழில் 'தூண்டு' கொஞ்சம் வேறு மாதிரி. மீனுக்குப் போடுவது தூண்டில். அங்கே வஞ்சகம் இருக்கிறது. மங்கிய விளக்கின் திரியை மேலே தள்ளிவிடுவதும் தூண்டுவதுதான். அங்கே வஞ்சகம் இல்லை. எண்ணெயும் திரியும் தீயும் முன்பே இருக்கின்றன, தூண்டுகோல் கொஞ்சம் நகர்த்துகிறது, அவ்வளவுதான். ஒரே சொல்லுக்குள் தூண்டிலும் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. நாம் எதைச் செய்கிறோம் என்பதைச் சொல் தீர்மானிக்காது.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். எழு – எழுப்பு. திரள் – திரட்டு. கிளம்பு – கிளப்பு. திருந்து – திருத்து. முதலாவது தானே செய்வது, இரண்டாவது பிறரைச் செய்ய வைப்பது. ஆனால் 'தூண்டு' என்பதற்குத் தன்வினை இணை கிடையாது. தூண்டுகிறவர் உண்டு, மற்றவர் 'தூண்டப்பட்டவர்' மட்டுமே. அந்தச் சொல்லை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், போராடிய பெண்ணுக்கு அந்த வாக்கியத்தில் தானாக நிற்க இடமில்லை.

பெண்கள் கூடி ஒன்றைச் செய்தால் முதலில் எழும் கேள்வி, "யார் தூண்டிவிட்டது?" ஏன் செய்தார்கள் என்பது பிறகுதான், சில நேரம் வருவதேயில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். 20 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்பது காரணம். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே வராதீர்கள் என்று சொல்லி, 'பெண்கள் ஒருமை' என்ற பொருள் தரும் 'பெம்பிளை ஒருமை' பெயரில் நின்று, கேட்ட 20 சதவீதத்துக்கு நிர்வாகத்தை வரவைத்தார்கள். அப்போதும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடினார்கள். பின்னால் இருந்தது அவர்கள் முதுகில் சுமந்த கொழுந்துக் கூடைதான். 2021 ஜனவரியில் உழவர் போராட்டத்தின் போது, பெண்களும் முதியவர்களும் அங்கே ஏன் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்திலேயே எழுந்தது. 'வைக்கப்பட்டிருக்கிறார்கள்.' உழவு செய்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், நடவு நடுகிறவர்கள் அந்தக் கேள்வியில் பாத்திரம் போல் ஓரிடத்தில் வைக்கப்பட்ட பொருளாகிவிட்டார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு வேறொரு உதாரணம் நம்மிடம் இருக்கிறது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் கைதான பிறகு நாகம்மையாரும் கண்ணம்மாளும் அதை முன்னின்று நடத்தினார்கள். மறியலை நிறுத்துவது பற்றிக் காந்தியிடம் கேட்டபோது, அது தன் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று அவர் சொன்னதாக நம் ஊரில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. தொடங்கி வைத்தது யார் என்று அந்தப் பதில் பார்க்கவில்லை. நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தது. ஒரு போராட்டம் யாருடையது என்று அறிய இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை.

சட்டம் இந்தச் சொல்லை எல்லோருக்கும் ஒரே எடையில் நிறுப்பதுமில்லை. மனைவியின் தற்கொலையில் கணவர் மீது தூண்டுதல் குற்றம் சாட்டப்பட்ட ரமேஷ் குமார் எதிர் சத்தீஸ்கர் அரசு வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் இந்த வினைச்சொல்லுக்கு விரிவாகப் பொருள் சொன்னது. குத்தி ஓட்டுவது, முன்னே உந்துவது, கிளறுவது என்றெல்லாம் விளக்கியது. கோபத்தில், விளைவை நினைக்காமல் வாயில் வந்த வார்த்தை தூண்டுதல் ஆகாது என்றது. உன் இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் போ என்ற பொருளில் கணவர் சொன்னது தூண்டுதல் இல்லை என்று, அந்தக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. கொடுமைக்கான 498ஏ தண்டனை மட்டும் நின்றது. யாரையும் எளிதாகக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்ற எச்சரிக்கை எனக்குப் புரிகிறது. அந்த எச்சரிக்கை வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்குள் வருஷக்கணக்கில் விழும் சொற்களைத் தூண்டுதல் என்று நிறுவ இவ்வளவு கவனம் தேவைப்படும்போது, ஒரு கணக்குப் பாடத்தைத் தூண்டுதல் என்று சொல்ல ஒரு மேசையும் நாற்காலியும் போதுமாக இருந்தது. 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக மக்கள் பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைதானதும் நாம் பார்த்ததுதான். சாராயத்தை விற்பது அரசின் வருமானம், வேண்டாம் என்று பாடுவது தூண்டல்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் ஒன்றுமே செய்யவில்லை என்று கைகழுவ முடியுமா? முடியாது. அன்று காவல் நிலையத்தில் நான் சொன்னது முழு உண்மை இல்லை. அந்தக் கணக்கை நான் வேண்டுமென்றேதான் போட்டேன். அரிசி, பருப்பில் போட்டிருக்கலாம். 1992இல் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்பில் படித்த ஒரு கதையிலிருந்து பெண்கள் பேச ஆரம்பித்து, சாராயக் கடையை மூட வைத்து, அது ஆந்திரா முழுவதும் பரவி, 1993 அக்டோபரில் சாராயத்துக்குத் தடை வந்தது எனக்குத் தெரியும். அறிவொளிக் காலத்தில் வளர்ந்தவள் நான். ஒரு பாடம் என்ன செய்யும் என்று தெரிந்தே செய்தேன். அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் உண்மையான கேள்வியே வருகிறது: ஒருத்தியின் திரியை நகர்த்தியவள் அவளுக்கு என்ன கடன்பட்டிருக்கிறாள்?

இதற்குப் பதில் எனக்கு அந்தப் பதினோரு பேரில் ஒருவரான ஒரு அக்காவிடமிருந்து கிடைத்தது. ஊறல்காரர் அவர் கணவருக்குப் பங்காளி முறை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பங்காளிகள் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஊர்த் திருவிழாவில் வரி வாங்கவில்லை. வரி வாங்காதது என்றால் ஊரை விட்டுத் தள்ளி வைத்ததற்குச் சமம். வீட்டில் அடியும் விழுந்தது. இது எதுவும் எனக்குத் தெரியாது. மாற்றலாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து மேலே போனபோது சொன்னார். நானும் வெட்கத்தோடு என் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த இங்கிலீசுக்கு இன்னா அர்த்தம் டீச்சரு?"

"நான் தூண்டிவிட்டு நீங்க செஞ்சீங்கன்னு."

அவர் சிரித்துவிட்டார். "நீ கணக்குதான சொன்ன? அந்த நாத்தம் எங்களுக்குத் தெரியாதா? உடைக்கணும்னு நாங்க நீ வர்றதுக்கு மின்னாடியே பேசிக்கினு இருந்தோம்." பிறகு சிரிப்பு நின்றது. "அது கிடக்கட்டும். அன்னிக்கு ஸ்டேசன்ல எங்களை விட்டுட்டு நீ எறங்கிப் போயிட்ட. நாங்க இங்கயேதான இருக்கணும்?"

பெருமையும் வேண்டாம் என்றார், பழியும் என் மேல் போடவில்லை. நான் ஏன் கூட இல்லை என்று மட்டும் கேட்டார்.

தார்க்குச்சி பிடித்தவன் மாட்டோடு நடந்தாலும் ஏரின் பாரம் மாட்டுக்குத்தான். தூண்டில் போட்டவன் கரையில் நிற்கிறான். வெறியைக் கிளப்பிவிட்டு, இளைஞர்களை முன்னே தள்ளிவிட்டு, வழக்கு வரும்போது காணாமல் போகும் தலைவர்களை நம் மாவட்டமும் அறியும். தூண்டுதல் குற்றம் என்ற ஒன்று சட்டத்தில் இருக்க வேண்டியதற்கு அவர்களே காரணம். அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு நல்ல நோக்கத்தில் இல்லை. நோக்கத்தை எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். நான் மூன்றைப் பார்க்கிறேன். சொன்னது உண்மையா, அவர்களே சரிபார்க்கக் கூடியதா? வேண்டாம் என்று சொல்லவும் நிறுத்தவும் அவர்களால் முடியுமா? விளைவு வரும்போது அதில் ஒரு பங்கு என் மேலும் விழுமா? முதல் இரண்டில் நான் தேறியிருக்கலாம். மூன்றாவதில் தோற்றேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே போனவர்கள் பலர். ஊர் முழுக்கப் பந்தல். அந்தப் பந்தல்களின் கீழே உட்கார்ந்திருந்த பெண்கள், இங்கே விற்கிறார்கள் என்று நாங்கள் சொல்லாமலா இருந்தோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லியிருந்தார்கள். அப்போது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பிறகு மலையெங்கும் ஊறல் வேட்டை நடந்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. விசாரிக்க நிறைய இருக்கிறது. எடுத்தது நல்லது.

ஆனால் அந்தச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. 'தானாக முன்வந்து.' நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வினை இருக்கிறது. யார் தூண்டியது என்று அதை யாரும் கேட்பதில்லை. ஓடைக்கரைக்குப் போன பதினோரு பெண்களுக்கும் அதே வினையைக் கொடுத்தால் என்ன?

இப்போது அறிக்கை எழுதும் இளம்பெண்கள் என்னிடம் வரைவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். 'மொபிலைஸ் செய்தோம்' என்று இருக்கும் இடத்தில் பென்சிலால் அடித்து, 'பெண்கள் திரண்டார்கள்' என்று எழுதிக்கொடுப்பேன். அதற்குக் கீழே ஒரு கேள்வியும் எழுதுவேன்: 'அதற்கு மறுநாள் நீ எங்கே இருந்தாய்?'