யாரும் பார்க்காதபோது...

வல்ல அல்லாஹ் கடலுக்குள் வைத்திருக்கும் அத்தாட்சிகள் கொஞ்சநஞ்சமல்ல. செங்கடலிலும் மாலத்தீவிலும் ஆஸ்திரேலியக் கரையிலும் உள்ள பவளப் பாறைகளில் ஒரு சின்னஞ்சிறு மீன் வாழ்கிறது. விரல் நீளம், நீல நிறம், உடல் நெடுகக் கறுப்புக் கோடு. பெரிய மீன்களின் மேனியில் ஒட்டியிருக்கும் பேன் போன்ற சிற்றுயிர்களைப் பொறுக்கித் தின்பதே அதன் பிழைப்பு. எனவே அதைத் துப்புரவு மீன் என்கிறார்கள்.

பாறையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. கடை மாதிரிதான். வாடிக்கை மீன்கள் தேடி வந்து நிற்கின்றன. சிறு மீன்களை விழுங்கி வாழும் களவா மீன்கூட வாயைத் திறந்து காத்திருக்கிறது. துப்புரவு மீன் அந்த வாய்க்குள் நுழைந்து, வேலையை முடித்து, பத்திரமாக வெளியே வருகிறது! ஒரு மீன் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாக ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் நடந்த ஆய்வு 1996-ல் கணக்கிட்டது. ஒருவருக்கு வயிறு நிறைகிறது. மற்றவருக்கு நோவு தீர்கிறது.

ஆனால் அதற்கும் ஒரு சபலம் உண்டு. ஒட்டுண்ணியைவிட, வந்த மீனின் மேல்தோலிலுள்ள வழுவழுப்பே அதற்கு அதிக ருசி. அதைக் கடித்தால் வந்த மீன் துள்ளுகிறது, விரட்டுகிறது, அல்லது வேறு இடம் தேடிப் போய்விடுகிறது. ப்ஷாரி, குரட்டர் என்னும் ஆய்வாளர்கள் 2006-ல் ஒன்றை வெளியிட்டார்கள். மற்ற மீன்கள் பார்த்திருக்கும்போது துப்புரவு மீன் தன் ஆசையை அடக்கிக்கொள்கிறது. பார்ப்பவர் இல்லையென்றால் அந்த அடக்கம் குறைந்துவிடுகிறது!

சகோதரர்களே! அது மீன். அதற்கு வேதமில்லை, மறுமையின் கேள்வி கணக்கில்லை. நம் நிலை என்ன? வாடிக்கையாளர் பார்க்கும்போது தராசு நேராக நிற்கிறது. அவர் முகம் திரும்பியதும்? பங்காளி ஊரிலிருக்கும்போது ஒரு கணக்கு, அவர் சவூதிக்குப் போனபின் வேறு கணக்கா?

தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள் அடியில் ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார்கள். நம் குவியல்களின் அடியில் இன்று எவ்வளவு ஈரம்!

பெயர் கெட்டுவிடுமே என்ற பயத்தில் வரும் நேர்மை மீனுக்குப் போதும். முஃமினுக்குப் போதாது. அல்லாஹ் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு செய்வதே இஹ்ஸான். இன்றிரவே நம் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். பிறர் ஹக்கு ஒரு காசு கலந்திருந்தாலும், அவர் கேட்குமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம்.

அமானத்தைப் பேணும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.