விற்றால் புனிதம் போய்விடுமா?

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்களுக்கு டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல் புனிதமானது. அவர்களது நான்கு புனித மலைகளுள் தென்திசை மலைக்கு உரியது. ஆனால் அந்தக் கல் பதிக்கப்படும் வெள்ளியில் வேலை செய்வதை 19ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ கொல்லர்களிடம் கற்றார்கள்; பின்னர் சுற்றுலாப் பயணிகளுக்காகவே எடை குறைந்த நகைகளும் செய்தார்கள். இரவல் கலை, விற்பனைச் சரக்கு. இதில் புனிதம் ஏது என்று கேட்கலாம்.

அந்தக் கேள்வி, புனிதம் பொருளுக்குள் அடைபட்டிருப்பதாக எண்ணுகிறது. நவஹோ குடும்பங்கள் வணிகரிடம் நகையை அடகு வைத்தன. சடங்கு நாளில் அதையே திரும்பப் பெற்று அணிந்தன. அடகு அதன் பெருமையைக் குறைக்கவில்லை. மண்ணோடும் மரபோடும் கொண்ட உறவில்தான் புனிதம் இருக்கிறது. அப்படியானால் நம்பி அணிந்த போலியும் புனிதமாகுமா? ஆகாது, போலி அந்த உறவைப் பற்றியே பொய் சொல்கிறது. பூர்வகுடிகள் செய்யாததை அவர்களுடையது என்று விற்பதை 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் குற்றமாகக் கருதுவது சரியே. விலை புனிதத்தைக் கெடுப்பதில்லை, பொய்தான் கெடுக்கிறது.