வின்டேஜ்னா அப்படித்தான்

"என்னடா, நடுநடுவுல கரகரங்குது?" என்று கேட்டான் நண்பன். அவனுக்காக நான் செய்த ஃபஸ் பெடலை அன்றுதான் முதல்முறையாக வாசித்துப் பார்த்தான். ஏன் அப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பதில் மட்டும் உடனே வந்துவிட்டது. "ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்டா. வின்டேஜ்னா அப்படித்தான்." அவன் தலையாட்டினான். நம்பிவிட்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஃபஸ் பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, காலடியில் கிடக்கும் ஒரு சின்னப் பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் ஒலியை அது அளவுக்கு மீறிப் பெருக்கும். 9 வோல்ட் பேட்டரிக்குள் அவ்வளவு பெரிய அலை அடங்காது. அதனால் வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலையின் உச்சி மழுங்கி, தட்டையாக வெளியே வரும். நல்ல ஆம்ப்ளிஃபயர் எதைச் செய்யவே கூடாதோ, அதை மட்டும் செய்வதற்கென்றே ஒரு கருவி. நான் செய்தது ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலின் சர்க்யூட். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலால் மிதித்த பெட்டி. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், திருகுவதற்கு இரண்டு குமிழ். அவ்வளவுதான்.

இந்த ஒலியின் பூர்வீகமே ஒரு பழுதுதான். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டில், நடுவே கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிழிந்த குரலில் ஒலிக்கும். நாஷ்வில் ஸ்டூடியோவின் மிக்ஸிங் மேசையில் ஒரு சேனல் கெட்டுப்போயிருந்தது. கேட்டுப் பார்த்தார்கள், அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறியே விட்டார்.

இந்தக் கதைகளைப் படித்துவிட்டு நாம் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறோம்: குறைதான் அழகு. நானும் வந்தேன். எவ்வளவு வசதியான முடிவு! ஆடிப்போன போட்டோவுக்கு அது பொருந்தும். திருத்தாமல் அனுப்பிய கதைக்குப் பொருந்தும். சொன்ன நேரத்துக்குப் போகாத நமக்கேகூடப் பொருந்தும். "நான் இப்படித்தான்" என்பதும் "வின்டேஜ்னா அப்படித்தான்" என்பதும் ஒரே குடும்பத்து வாக்கியங்கள்.

இரண்டு வாரம் கழித்து நண்பனுக்கு ஒரு கச்சேரி. சின்ன இடம், ஐம்பது அறுபது பேர். இரண்டாவது பாட்டில் அவன் தனியாக வாசிக்கவேண்டிய இடம் வந்தது. பெடலை மிதித்தான். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. குனிந்து வயரை ஆட்டினான். வந்தது, மறுபடி போனது. டிரம்ஸ்காரர் அதே தாளத்தை வாசித்துக்கொண்டே அவனைப் பார்த்தார். நான் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் போகக் கால் வரவில்லை.

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. கிட்டார் வயர் செருகும் ஜாக்கின் காலில், எர்த் வயர் சேரும் இடத்தில், ஈயம் பளபளப்பில்லாமல் மங்கலாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தது. ரேடியோ ரிப்பேர் கடைகளில் இதற்கு 'டிரை சால்டர்' என்பார்கள். ஜாக்கின் கால் தடித்த உலோகம், சூடேற நேரம் எடுக்கும். அது சூடாகி, தானே ஈயத்தை இழுத்துக்கொள்ள வேண்டும். நான் ஈயம் உருகியதுமே இரும்பை எடுத்துவிட்டேன். பார்வைக்கு ஒட்டியிருந்தது, உண்மையில் ஒட்டவில்லை. ஜெர்மானியத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் அவசரத்துக்கு நான் வரலாற்றைத் துணைக்கு இழுத்திருந்தேன்.

ஜெர்மானியத்துக்கென்று உண்மையிலேயே ஒரு குறை உண்டு. சூடு ஏறினால் அதில் மின்சாரம் கூடுதலாகக் கசியும், ஒலி மாறும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஏசி 128 டிரான்சிஸ்டர்களைத்தான் போட்டிருந்தேன். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பேட்டரியில் பாதி, அதாவது 4.5 வோல்ட் நிற்கும்படி காலையில் சரிசெய்தால், மே மாத மதியத்தில் அது நழுவியிருக்கும். இது அந்தப் பொருளின் சுபாவம். வாங்குகிறவனிடம் "வெயில்ல வெச்சிடாத" என்று சொல்லிக் கொடுக்கலாம். டிரை சால்டரை அப்படிச் சொல்லிக் கொடுக்க முடியுமா? "நான் சரியா பத்தவைக்கல, பாத்து வாசி" என்றா?

ஆனால் நாஷ்வில்லில் அன்று இருந்தவர்களும் காரணம் முழுக்கத் தெரிந்துகொண்டா அந்த ஒலியை வைத்துக்கொண்டார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுவது இது: அவர்கள் அந்தப் பழுதைத் தங்கள் பெயரில் வெளிவரும் இசைத்தட்டில் வைத்தார்கள். டேவிஸ் கீறியது சொந்த ஸ்பீக்கரை. தவறாகப் போயிருந்தால் நஷ்டம் அவர்களுக்கு. நான் என் பழுதை அடுத்தவன் கையில் கொடுத்தேன், அதுவும் வேறு பெயர் சூட்டி. மேடையில் விலை கொடுத்தவன் அவன்.

அந்தப் பாட்டின் ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதோடு நிற்கவும் இல்லை. சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடினார். வேண்டும்போது வரவும் வேண்டாதபோது நிற்கவும் ஒரு சர்க்யூட்டை உருவாக்கினார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் ஒலிப்பது அந்தப் பெட்டிதான். தானாக வந்த பழுதுக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவிட்ச். மிதித்தால் வரவேண்டும், மறுபடி மிதித்தால் போகவேண்டும். என் கரகரப்புக்கு அந்தச் சுவிட்ச் இல்லை.

மறுநாள் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஜாக்கின் காலைச் சுரண்டி, இரும்பை வைத்துக் காத்திருந்தேன். மூன்று நான்கு விநாடிதான். ஈயம் தண்ணீர் மாதிரிப் பரவி, பளிச்சென்று ஆறியது. நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். "அது ஜெர்மானியம் இல்லடா, என் தப்பு" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் செருகி வாசித்தான். கரகரப்பு போயிருந்தது. கிழிசல் மட்டும், கேட்ட இடத்தில் கேட்டபடி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

சொல்லியிருக்கலாம்தான்.